எமிலி செத்துப்போற படம்

— மா, அந்தக் கணவாயை முதல் கீழை வையுங்கோ. நான் சொல்லப்போறதைக் கேக்கேக்கை உங்கடை கையிலை கத்தி இருக்கக்கூடாது.

— எடி ஜெனுஷா, பள்ளிக்கூடத்தாலை படம் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவையள், பாத்திட்டு வந்து நிக்கிறாய். அதுக்கேன் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறாய்?

— படத்திலை நீங்கள் வாறியள்.

— ஆர்?

— நீங்கள். எமிலியானா. படத்திலை உங்களை எமிலி எண்டு கூப்பிடுகினம்.

— கோதாரி. வெங்காயத்தை உரி. கொப்பர் சியாகுல்லித் தோட்டத்து வேலையாலை பசியோடை வரப்போறார்.

— ஜூரோ, மா. சத்தியமாச் சொல்லுறன். ஸ்கொட்லாந்துப் படம். பள்ளிக்கூடப் பெடியள் மூண்டு பேரின்ரை கதை. முழுக்கப் பகிடி. ஒருத்தி ஷோனா, ஒருத்தன் கலம், மற்றது இலங்கையிலையிருந்து வந்த எமிலி. என்ன மா? ஏன் கதிரையிலை இருந்திட்டியள்?

— கால் நோகுது.

— இப்பதானே நிண்டுகொண்டிருந்தனீங்கள்.

— ஷோனா எண்டோ சொன்னனி?

— ஓம். அவதான் படம் எடுத்தவ. தன்ரை சின்ன வயசுக் கதையாம். படம் முடிய மேடையிலை வந்து நிண்டு கதைச்சவ.

— உயரமானவளோ? நாடியிலை ஒரு குழி?

— ஓம்.

— என்ரை மடு மாதாவே.

— அப்ப உண்மைதானோ? மா, நீங்கள் ஸ்கொட்லாந்திலையோ இருந்தனீங்கள்? லண்டனிலை சித்தப்பா வீட்டிலை கொஞ்சக்காலம் நிண்டனான் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்.

— எங்கடை சனத்துக்கு அந்தத் தீவு முழுக்க லண்டன்தான். மன்னாரிலை கேட்டுப்பார், ஒஸ்லோவும் லண்டன்தான், நாங்கள் இருக்கிற இந்த இத்தாலிப் பலெர்மோவும் லண்டன்தான். இராசரத்தினச் சித்தப்பா அங்கை ஒரு கடற்கரை ஊரிலை கடை வச்சிருந்தவர். பதினாலு வயசிலை என்னை அவரட்டை அனுப்பிவிட்டவை. சண்டைக்காலம். அது சரி, அது நான்தான் எண்டு நீ எப்பிடிக் கண்டுபிடிச்சனி? உலகத்திலை எத்தினை எமிலி.

— போடா பனங்கொட்டை.

— என்னடி?

— அதாலைதான் கண்டுபிடிச்சனான். படத்திலை அந்த ஸ்கொட்லாந்துப் பெடியள் பஸ்ஸுக்குப் பின்னாலை நிண்டு வாத்தியாரைப் பாத்துக் கத்துறாங்கள், "போடா பனங்கொட்டை" எண்டு. கீழை இத்தாலியனிலை "பனை விதையே, போ" எண்டு எழுத்து ஓடுது. தியேட்டரிலை ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நான் மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சன். பிறகு எனக்குச் சிரிப்பு நிண்டுபோச்சு. ஏனெண்டால் அப்பாவை அப்பிடிப் பேசுற ஒரே ஆள் நீங்கள்தான்.

— அதையும் போட்டிட்டாளோ. நான்தான் பழக்கினது. சின்னச் சின்ன வெள்ளைப் பெடியள். நாக்கு வளையாது. "பன்னங்கோட்டே" எண்டுவாங்கள்.

— படத்திலையும் அப்பிடித்தான் சொல்லுறாங்கள். ஆனால் எமிலியா நடிச்ச பெட்டை இந்தியாத் தமிழ். "என்ன பண்றீங்க" எண்டு கதைக்கிறா.

— நான் எப்பவடி "பண்றீங்க" எண்டனான்?

— அதை ஷோனாவட்டைக் கேளுங்கோ. அதோடை பஸ்ஸிலை நீங்கள் சத்தி எடுக்கிறியள்.

— நானோ?

— பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை. கலம் எண்டவன்ரை மடியிலை. அதுதான் படத்திலை பெரிய பகிடி. தியேட்டரே அதிர்ந்தது.

— பச்சைப் பொய். சத்தி எடுத்தவள் அவள். ஷோனா. மூண்டு பைக்கற் வினாகிரிச் சிப்ஸைத் திண்டுபோட்டு அவள்தான் அந்தப் பெடியன்ரை மடியிலை... நான் என்ரை லேஞ்சியாலை துடைச்சுவிட்டனான். இப்ப தான் படமெடுத்த உடனை பழியை என்னிலை போட்டிட்டாளோ?

— காலுக்குப் பேனையாலை பூசினதும் பொய்யோ?

— அது... அது உண்மை. கறுப்புக் காலுறை கிழிஞ்சுபோச்சு. புதுசு கேக்கச் சித்தப்பாவட்டைப் பயம். கிழிஞ்ச இடத்திலை தோலுக்குக் கறுப்புப் பேனையாலை பூசிக்கொண்டு போவன். மழை பெய்தால் சப்பாத்துக்குள்ளை மை ஒழுகும். அங்கை எந்த நாளும் மழை.

— பாவம் மா. சரி, அடுத்தது. பஸ் நிக்கிற கொட்டிலுக்குள்ளை நீங்கள் கலமைக் கொஞ்சுறியள்.

— வெங்காயம் எங்கை?

— மா, நான் இன்னும் உரிக்கேல்லை. அந்தக் கண்ணீர் வெங்காயத்தாலை இல்லை. கொஞ்சினீங்களோ இல்லையோ?

— கன்னத்திலை. அதுவும் அவன்ரை பிறந்தநாளுக்கு. அதுவும் ஷோனா தள்ளிவிட்டதாலை.

— படத்திலை கன்னத்திலை இல்லை.

— அவள் அம்மாவாணை நாசமாப் போவாள்.

— இப்ப எனக்குக் கோவம் வருது. நான் மொனிகாவின்ரை பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் போகக் கேக்க என்ன சொன்னனீங்கள்? பெடியளோடை ஆட்டம் என்ன, பாட்டம் என்ன, எங்கடை ஆக்கள் கண்டால் என்ன கதைப்பினம் எண்டெல்லாம் சொன்னனீங்கள். ஒரு கிழமையா நான் அழுதனான். என்னைவிடச் சின்ன வயசிலை நீங்கள் அங்கை பள்ளிக்கூட மண்டபத்திலை பெடியன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சுத்திச் சுத்தி ஆடியிருக்கிறியள்.

— அது பாடம்.

— என்ன பாடம்?

— விளையாட்டுப் பாடமடி. அந்த நாட்டிலை நத்தார் கிட்டினால் வெளியிலை விளையாட ஏலாது, மழையும் குளிரும். அப்ப மண்டபத்துக்குள்ளை விட்டுத் தங்கடை நாட்டு ஆட்டம் பழக்குவினம். கட்டாயம். பெடியள் ஒரு சுவர், பெட்டையள் மற்றச் சுவர். ரீச்சர் கசெற்றிலை அக்கோடியன் பாட்டைப் போட்டிட்டுக் கையைத் தட்டுவா. கையைப் பிடிக்கச் சொன்னால் பெடியள் சுவெற்றர் கையை இழுத்துவிட்டு, துணிக்குள்ளாலைதான் பிடிப்பாங்கள். தொட்டால் ஏதோ தொத்திவிடுமாம். கலம் மட்டும் கையை வெளியிலை விட்டவன். ஈரக் கை.

— உங்களுக்கு இப்பவும் ஆடத் தெரியுமோ?

— போடி.

— ஒருக்கா. ஒரே ஒருக்கா மா. கதவு பூட்டியிருக்கு.

— என்ரை கையெல்லாம் கணவாய் மை.

— காலைத்தானே ஆட்டவேணும்.

— இந்தப் பக்கம் எட்டு. பிறகு திரும்பி எட்டு. கையை மேலை தூக்கு, முழங்கையைக் கோர்... நேராச் சுத்தடி, கதிரையிலை இடிக்காதை. இஞ்சை துள்ளவேணும். இப்பிடி.

— மா, நீங்கள் பறக்கிறியள்.

— காணும், காணும். கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா தும்புத்தடியாலை இடிக்கிறா. மூச்சு வாங்குது.

— எனக்கு உங்களை இப்பிடித் தெரியாது.

— எனக்கே தெரியாது. சரி, முழுக்கச் சொல்லு. சித்தப்பா வாறதைப் போட்டவளோ?

— குடையோடை ஒரு மாமா வாறார்.

— அதுதான் நடந்தது. நான் குடையை விட்டிட்டுப் போனன். மனிசன் பாவம், பிள்ளை நனையப்போறாள் எண்டு கடையைப் பூட்டிப்போட்டுக் குடையைக் கொண்டுவந்தவர். மண்டபத்துக்குக் கண்ணாடிக் கதவு. நான் கலமோடை கையைக் கோர்த்துக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சுத்துறன். ரீச்சர் வந்து பாடம் எண்டு சொல்ல, அவர் கேக்கேல்லை. காருக்குள்ளை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகேல்லை. நத்தாருக்கு முதலே கொழும்புக்குப் பிளேனிலை ஏத்திவிட்டிட்டார். ஒருத்தருக்கும் போட்டுவாறன் எண்டு சொல்லேல்லை.

— அதுக்குப் பிறகு அவையோடை கதைக்கேல்லையோ?

— என்னெண்டு கதைக்கிறது? வெக்கம். அவங்களுக்கு நான் ஒரு பகிடி எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். தலையிலை எண்ணெய் வச்ச, இங்கிலிஷ் தெரியாத ஒரு பெட்டை வந்தது, போனது. ஒரு கிழமையிலை மறந்திருப்பாங்கள்.

— மறக்கேல்லை மா.

— உனக்கென்ன தெரியும்?

— படத்திலை நத்தார் ஆட்டம் வருது. எட்டுப் பேர் வட்டமா நிண்டு ஆடுற ஆட்டம். நீங்கள் இல்லாததாலை ஏழு பேர். ரீச்சர் வேறை ஒரு பெட்டையைக் கொண்டுவந்து விடுறா. அவையள் விடேல்லை. நீங்கள் நிக்கிற இடத்தை வெறுமையா விட்டிட்டு ஆடுகினம். கலமின்ரை முறை வரேக்கை, ஆள் இல்லாத இடத்துக்குக் கையை நீட்டி, தனியச் சுத்துறான். தியேட்டரிலை எங்கடை ப்றொஃப் ரீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவ. மா? மா, அழாதையுங்கோ. மை கையாலை கண்ணைத் துடைக்காதையுங்கோ.

— இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— இன்னும் இருக்கு. அதைச் சொல்லத்தான் ஓடிவந்தனான். ஆனால் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.

— சொல்லு. இதுக்கு மேலை என்ன இருக்கு?

— கடைசியிலை நீங்கள் செத்துப்போறியள்.

— படத்திலையோ?

— படம் முடிஞ்ச பிறகு. உண்மையான ஆக்களின்ரை போட்டோ போட்டவை. டை கட்டிக்கொண்டு, ரெண்டு பின்னலோடை, நெத்தியிலை இப்பவும் இருக்கிற உங்கடை இந்த வெட்டுக்காயத்தோடை நீங்கள். அதுக்குக் கீழை எழுத்து. "எமிலி, இருபத்தேழு வயதில், பலெர்மோவில், ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தபோது இறந்தாள். இந்தப் படம் அந்த மகளுக்கு."

— திருப்பிச் சொல்லு.

— இந்தப் படம் அந்த மகளுக்கு. எனக்கு, மா.

— தண்ணி தா.

— இந்தாங்கோ.

— நான் செத்திட்டனோ?

— அவை அப்பிடித்தான் நம்புகினம். மேடையிலை ஷோனா சொன்னவ, உலகத்திலை எத்தினையோ ஊர் படத்தைக் கேக்க, தான் முதல் இந்த ஊரிலைதான் காட்டவேணுமெண்டு பிடிவாதமா வந்தவவாம். எமிலியின்ரை மகள் இந்த ஊரிலை இருக்கலாம், இப்ப பதினேழு வயசு இருக்கும், ஆருக்கும் தெரியுமோ எண்டு எங்களட்டையே கேட்டவ. மொனிகா என்னைத் திரும்பிப் பாத்தவள். அந்தப் போட்டோவிலை இருக்கிறது என்ரை மூஞ்சைதானே.

— நீ என்ன சொன்னனி?

— கதிரைக்குக் கீழை சப்பாத்துக் கயிறு கட்டுற மாதிரிக் குனிஞ்சிட்டன். பிறகு பின்கதவாலை ஓடிவந்திட்டன். எனக்குப் பயமா இருந்தது. அவ அழுகிறா, நான் போய் என்னெண்டு சொல்லுறது, அம்மா வீட்டிலை கணவாய் வெட்டுறா எண்டோ?

— இருபத்தேழு வயசு. பலெர்மோ. பெண் பிள்ளை. இவ்வளவும் சரியாத் தெரிஞ்ச ஆள் அங்கை ஒருத்தர்தான்.

— ஆர்?

— இராசரத்தினச் சித்தப்பா. வேறை ஆர்? நான் இஞ்சை கலியாணம் கட்டி வந்ததும், நீ வயித்திலை வந்ததும் அவருக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளையள் கடையிலை வந்து என்னைக் கேட்டிருக்குங்கள். இந்தக் கரைச்சல் ஒரேயடியா முடியட்டும் எண்டு மனிசன் என்னைச் சாக்காட்டிவிட்டிருக்கு. அண்டைக்கு ஒரு ஆட்டத்துக்காக நாட்டைவிட்டு அனுப்பினவர், பிறகு உலகத்தைவிட்டே அனுப்பிட்டார்.

— அவர் அப்பிடிச் செய்வாரோ? ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்குச் சொக்கிளேற் அனுப்புறவர்.

— போனைத் தா. இண்டைக்கு நான் கேக்கிறன். இருபத்தைஞ்சு வரியத்துக்கு மேலை வாய் திறக்கேல்லை. எனக்குச் சாவறிவித்தல் குடுக்க இவர் ஆர்?

— மா, கதவு தட்டுப்படுது. அப்பா.

— திறந்துவிடு. அவரும் கேக்கட்டும்.

— என்ன இது, வீடு மூச்சில்லாமல் கிடக்கு? காத்து விழுந்த கடல் மாதிரி. பிள்ளை, இந்தப் பையை வாங்கு, மந்தரீனோத் தோடம்பழம். தோட்டக்காரன் சும்மா தந்தவன். இஞ்சாரும் எமிலியானா, உம்மடை முகமெல்லாம் ஏன் கறுப்பு?

— நான் செத்துப்போனன்.

— சாப்பாடு ஆகேல்லையோ?

— அப்பா, பகிடி இல்லை. ஸ்கொட்லாந்திலை அம்மாவின்ரை சினேகிதி ஒருத்தி படம் எடுத்திருக்கிறா. அம்மா என்னைப் பெறேக்கை செத்துப்போனா எண்டு முடிவிலை போட்டிருக்கு. அவ இப்ப இஞ்சை, பொலிதேயாமாச் சதுக்கத்துக்குப் பக்கத்து ஹோட்டலிலை நிக்கிறா, தெரிஞ்ச ஆக்கள் வந்து பாருங்கோ எண்டு மேடையிலை சொன்னவ. பின்னேரம் பிளேன் ஏறப்போறா.

— ஆர் இந்தக் கதையை அவைக்குச் சொன்னது?

— வேறை ஆர்? என்ரை சித்தப்பா. நீங்கள் தலையிலை தூக்கி வச்சுக்கொண்டாடுற மனிசன்.

— சும்மா பேசாதையும். அவர் பாவம், வயசுபோன ஆள். பெரிய கோவக்காரன், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் உயிரோடை இருக்கிற பிள்ளையைச் செத்ததெண்டு சொல்ல ஒரு கத்தோலிக்கனுக்கு நாக்கு வராது.

— அப்ப காத்தோ போய்ச் சொன்னது? சரி, அவரைப் பிறகு பாக்கிறன். ஜெனுஷா, சட்டையை மாத்து. நாங்கள் ஹோட்டலுக்குப் போறம்.

— உண்மையாவோ மா?

— அவள் என்னைப் புதைச்சுப்போட்டு அழுதுகொண்டு பிளேன் ஏறப்போறாள். நான் இஞ்சை கணவாய்க் கறி வைக்கிறதோ? செத்தவள் எந்தச் சட்டையோடை போறது, சொல்லு பாப்பம்.

— அந்த நீலம். மா, முதல் நான் உள்ளை போறன். உங்களைக் கண்டவுடனை அவ விழுந்து போவா.

— விழட்டும். தூக்கி நிப்பாட்டிப்போட்டுச் சத்தி எடுத்த கதையைக் கேக்கிறன். அந்தக் கொட்டில் கதையையும் கேக்கிறன்.

— என்ன கொட்டில்?

— உங்களுக்கில்லை. நீங்கள் குளியுங்கோ. ஜெனுஷா, மொனிகாவின்ரை பிறந்தநாள் எப்ப?

— வாற சனி. ஏன்?

— அதுக்குப் போடுற சட்டையையும் பாத்து எடுத்து வை. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலை நிக்கிற ஆளா நான் இருக்கமாட்டன். கட்டிப்பிடிக்காதை, மை பிரளும்.

— இஞ்சாரும். இந்தச் சினேகிதி... கதைக்கேக்கை எப்பிடிக் கதைப்பா?

— என்ன எப்பிடி? இங்கிலிஷிலைதான்.

— இல்லை, "ர"வை உருட்டி உருட்டி, வள்ளத்து எஞ்சின் இழுக்கிற மாதிரியோ? "எமிலி" எண்டோ உம்மைச் சொல்லுவா?

— ஓம் அப்பா. மேடையிலை அப்பிடித்தான் கதைச்சவ. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— ஸ்ரனிஸ்லாஸ், ஏன் மந்தரீனோப் பையோடை நிக்கிறியள்? கீழை வையுங்கோ.

— நானும் ஹோட்டலுக்கு வாறன்.

— நீங்கள் ஏன்? உங்களுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் வராது.

— அதுதான் பிரச்சினை. சித்தப்பாவுக்கு இப்ப போன் எடாதையும். அவர் ஒண்டும் சொல்லேல்லை. அவர் எங்கடை வீட்டு நம்பரை மட்டுந்தான் குடுத்தவர்.

— ஆருக்கு?

— பிள்ளை பிறந்த அண்டைக்கு, நான் ஆசுப்பத்திரியாலை உமக்கு உடுப்பு எடுக்க வீட்டை ஓடிவந்தனான். உள்ளை வர ரெலிபோன் அடிக்குது. "இராசரத்தினம், நம்பர், எமிலி, எமிலி" எண்டு ஒரு பொம்பிளை. அதுக்குப் பிறகு உமக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, நான் உம்மட்டைச் சொல்லக்கூட மறந்துபோனன்.

— நீங்கள் அவளுக்கு என்ன சொன்னனீங்கள்?

— அப்பதான் பிள்ளையைக் கையிலை தூக்கிப்போட்டு வந்தனான், சந்தோசத்திலை எனக்கு அழுகை நிக்கேல்லை. விக்கி விக்கி, தெரிஞ்ச இங்கிலிஷ் முழுக்கச் சொன்னனான், "எமிலி ஹொஸ்பிற்றல், எமிலி பினிஷ், பேபி கேர்ள் ஓகே" எண்டு. அவவும் அந்தப் பக்கம் ஓவெண்டு அழத் தொடங்கினா, எவ்வளவு நல்ல மனிசி, எங்கடை சந்தோசத்துக்கு இப்பிடி அழுகிறா எண்டு நினைச்சு, "தாங்க்யூ, தாங்க்யூ" எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன்.